ஒரு லயம், இரண்டு விண்ணப்பங்கள்: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் மலையகக் குடும்பங்களும்

[திரையில்: நீலகிரித் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு, அதிகாலை]

கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் முதியவர்கள் சிலரிடம், துணிகளுக்கு அடியில் பத்திரமாக மடித்து வைத்த ஒரு பழைய தாள் இருக்கிறது. அதைக் குடும்ப அட்டை என்பார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் என்று இந்திய அரசு அவர்களுக்குக் கொடுத்த ஆவணம் அது. குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது, ஒதுக்கப்பட்ட மறுவாழ்வுத் திட்டம் எல்லாம் அதில் உண்டு. அங்கே ஒரே லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து ஒரே அடுப்பில் சாப்பிட்டு வளர்ந்த தம்பியின் பெயரோ மணமாகிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன மகளின் பெயரோ அதில் இருக்காது. அந்தப் பெயர்கள் ஏன் இல்லை என்பதே இந்த வீடியோவின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக, மதுரை, திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து இலங்கையின் மலைநாடான மலையகத்துக்குக் கங்காணிகள் ஆள்கட்டிக் கொண்டுபோனபோது, பெரும்பாலும் உறவும் ஊருமாகவே சேர்த்துக் கொண்டுபோனார்கள். மலைக்குப் போனபின்பும் அந்த உறவுமுறைதான் அவர்களைத் தாங்கியது. காம்பிரா எனப்படும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கொழுந்துக் கூடையும் பிள்ளைத் தொட்டிலும் கிடக்க, சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா குடும்பமும் அதற்கு அடுத்து மாமன் குடும்பமும் இருக்கும். அம்மா விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க, போனால் பிள்ளையைப் பார்க்க அடுத்த காம்பிராவில் ஒருவர் இருப்பார். சாவு விழுந்தால் கொள்ளி வைக்கவும், சடங்கானால் சீர் செய்யவும் யாரையும் தேடிப் போக வேண்டியதில்லை.

1947 தேர்தலில் இம்மக்களின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. மறு ஆண்டே, சுதந்திர இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவராக இருந்தாலும் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை நிறுவினால்தான் பிறப்பால் குடிமகன் ஆகலாம் என்றது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர் தம் தகப்பனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவார்? வாக்குரிமையும் போனது. மலையகத்தின் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர்.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். இந்தப் பங்கீடு பற்றி அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பேரனுக்குப் பேரன் எடுத்தவர்களையும் அரிசி மூட்டையைப் பிரிப்பதுபோல் ஏழுக்கு நான்கு என்று பிரித்தார்கள். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

[திரையில்: விண்ணப்பப் படிவம்]

மக்களைப் பிரிக்கும் இந்தக் கணக்கு குடும்பத்துக்குள் எப்படி நுழைந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். விளக்கத்துக்காக மூன்று சகோதரர்கள் உள்ள ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, அன்றைய பேச்சில் "இந்தியாவுக்கு எழுதுவது", "சிலோனுக்கு எழுதுவது" என்று இரண்டு வழி இருந்தது. குடும்பத் தலைவர் தமக்கும் மனைவிக்கும் சிறுபிள்ளைகளுக்கும் எழுதுவார். மணமாகித் தனிக்குடித்தனம் போனவர் தனியாக எழுத வேண்டும். மூத்தவர் தோட்டத்தில் நிரந்தர வேலை இருக்கிறது, பெயரும் பதிந்திருக்கிறது என்று சிலோனுக்கு எழுதுகிறார். நடுவுள்ளவர், திருச்சிப் பக்கம் தாத்தாவின் ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருக்கும் என்று அப்பா சொன்னதை நம்பி இந்தியாவுக்கு எழுதுகிறார். இளையவருக்கு எதிலும் நம்பிக்கை இல்லை, எழுதாமலே இருந்துவிடுகிறார். இலங்கைக்கு ஒதுக்கப்பட்டது 3 லட்சம் இடம். அதற்கு எழுதியவர்களோ 6 லட்சத்துக்கும் மேல். ஆகவே எழுதியபடியே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஒருவர் தம் பெயருக்கு எழுதிய தாள், அண்ணன் தம்பிக்கும் கொண்டான் கொடுத்தானுக்கும் இடையில் எல்லைக்கோடு கிழித்துவிட்டது. பெண் கேட்டு வரும்போது நட்சத்திரத்தோடு "எந்த நாட்டுக்கு எழுதியிருக்கிறார்கள்" என்றும் கேட்க வேண்டியதாயிற்று. மாமன் மகளைக் கட்டுவது வழக்கமாயிருந்த சமூகத்தில், மாமன் வேறு பட்டியலில் இருந்தால் அந்த உறவு கடலைத் தாண்ட வேண்டும். முதல் அலையில் போனவர்களில் பலர், நிலைமை சரியானதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நம்பினார்கள்.

1973, 1974 ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்தது. அரிசியும் மாவும் குறைந்தன. பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. தோட்டங்கள் அரசுடைமையானபோது சில இடங்களில் தொழிலாளர்கள் லயங்களிலிருந்தே விரட்டப்பட்டார்கள். போவதா இருப்பதா என்று தயங்கியவர்களும் அப்போது மூட்டை கட்டினார்கள். தலைமன்னாருக்குப் புறப்படும் ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். ரயில் அசையும்போது பெட்டிக்குள்ளிருந்தும் நடைமேடையிலிருந்தும் ஒரே நேரத்தில் எழும் அழுகைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. உயிரோடு இருப்பவர்களுக்காகப் பாடிய ஒப்பாரி அது.

தலைமன்னாரில் "இராமானுஜம்" கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள், அருகே மண்டபம் என்ற ஊரின் முகாமில் பதிவு முடித்துத் திசைக்கொருவராக அனுப்பப்பட்டார்கள். தமிழ்நாட்டில் நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்திலும் கர்நாடகத்திலும் ரப்பர்த் தோட்டங்கள், சிலருக்கு நூற்பாலை வேலை. பெரும் பகுதியினருக்குக் கிடைத்தது சிறு வணிகக் கடன். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் மட்டுமே தெரிந்தவரை முன்பின் அறியாத ஊரில் கடை வைக்கச் சொன்னால் என்ன நடக்கும்? கடன் கரைந்தது. தாத்தாவின் ஊரைத் தேடிப் போனவர்களில் பலருக்கு அங்கே நிலமும் இல்லை, முகம் தெரிந்தவரும் இல்லை. கடைசியில் தெரிந்த தொழிலைத் தேடி, தாங்களாகவே நீலகிரி ஏறினார்கள். இலங்கையில் "இந்தியாக்காரர்" என்று ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே "சிலோன்காரர்" ஆனார்கள். சாதிச் சான்றிதழ் வாங்கப் பிள்ளைகள் அலைந்தார்கள். தோட்டத்து வீடு வேலையோடு கட்டுண்டது என்பதால், ஓய்வு பெற்ற நாளில் வீட்டைப் பற்றிய கவலையும் சேர்ந்தே வருகிறது.

[திரையில்: இராமேசுவரம் கடற்கரை]

1983 கலவரத்துக்குப் பின் போர் மூண்டபோது கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் பயணப்பட முடியாமல் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் பலர். அத்தகையவர்களுக்கு 2003-இல்தான் இலங்கைச் சட்டம் வழி திறந்தது. நம் லயத்து மூத்தவரின் பேரப்பிள்ளைகள் இன்று இலங்கைக் குடிமக்கள்; நடுவுள்ளவரின் பிள்ளைகள் கோத்தகிரியில் இந்தியக் குடிமக்கள்.

எழுதாமல் இருந்த இளையவரின் வழிதான் நீண்டது. 1977 கலவரத்தில் மலையை விட்டு வடக்கே வவுனியாப் பக்கம் ஓடிக் காடு திருத்திக் குடியேறிய பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அங்கும் போர் துரத்த, அவர்கள் கள்ளத்தோணியில் இராமேசுவரம் வந்து அகதிகளாகப் பதிவானார்கள். ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் குடிமகனாகியிருக்கக்கூடியவர், படகில் வந்ததால் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். இப்படிப்பட்டவர்களின் குடியுரிமைக் கோரிக்கை 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது.

வெள்ளையர் காலத்தில் இலங்கைக்கு ஆள் ஏற்றுமுன் நோய்த்தொற்று பார்க்க நிறுத்திவைத்த முகாமும் மண்டபம்தான். இளையவரின் பூட்டன் போகும்போது அங்கே தங்கினார். அண்ணன் திரும்பும்போது அங்கே பதிந்தார். இளையவரின் பேத்தி அகதி முகாமாகிவிட்ட அதே மண்டபத்தில் பிறந்து, அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள்.