வெடிப்பை அடைக்கிற பசை

வணக்கம் நேயர்களே. கலையில நேர்மை எண்டு கதைக்கச் சொல்லியிருக்கினம். நான் மரச்சிற்பத்தோடையே நிக்கிறன். மரம் பொய்யைக் கனகாலம் காப்பாத்தாது.

மார்கழி மழைக்குள்ள ஒரு பச்சை வேம்புக் குற்றியைச் செதுக்கிறம் எண்டு வையுங்கோ. உளி லேசாப் போகும், வேலை கெதியா முடியும். வைகாசி, ஆனியில சோளகம் எண்ட தென்மேற்குக் காத்துப் பிடிச்சவுடனை மரம் காய்ஞ்சு சுருங்கும். குற்றியைச் சுத்திவரச் சுருங்கிறது, நடுவிலயிருந்து பட்டைப்பக்கம் சுருங்கிறதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதால நடுப்பகுதியோட இருக்கிற முழுக்குற்றி எங்கையாவது வெடிக்கத்தான் செய்யும். சில நேரம் சாமியின்ர முகத்திலயே வெடிக்கும்.

அப்பதான் மரத்தூளும் பசையும் வெளியில வரும். குழைச்சுத் திணிச்சு, அரத்தாள் போட்டு, நிறம் பூசினால் அண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பசை இறுகினால் அசையாது, மரம் அசையும். அடுத்த சோளகத்தில அடைச்ச இடத்துக்குப் பக்கத்தில புதுக்கீறல். மாரியில மரம் பருத்து நெருக்க, அடைச்சது பிதுங்கி, நிறம் பொருக்கா எழும்பும். திருவிழாவுக்கு முதல் திரும்பவும் நிறம். பிறகும் எழும்பும். வருசாவருசம் இந்தக் கூத்துத்தான்.

வெடிச்சால் என்ன செய்யிறது? அதே மரத்தில, அதே நார் ஓடுற பக்கமா மெல்லிய சிம்பு சீவி வெடிப்புக்குள்ள இறுக்குங்கோ. பசை ஒரு பக்கத்துக்கு மட்டும். திரும்பவும் சொல்லுறன், ஒரு பக்கத்துக்கு மட்டும்; மற்றப்பக்கம் மரம் அசைய விடவேணும். சிம்பு வைச்சதை வாங்கிறவருக்குக் காட்டி, விலையையும் அதுக்கேத்தமாதிரிச் சொல்லுங்கோ.

வெடிக்காமல் பாக்கிறதெண்டால் பொறுமை வேணும். குற்றியைப் பிளந்து நடுப்பகுதியைக் கழியுங்கோ. பட்டையை ஒட்டின வெள்ளை மரத்தையும் சீவி எறியுங்கோ, அது உளுத்துப்போகும். இரண்டு அந்தத்திலயும் மெழுகு பூசி, இடையில ரீப்பைத்துண்டு வைச்சு நிழலில அடுக்குங்கோ. ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருசம் எண்டது தச்சர் கணக்கு. ஒரு துண்டை மாதாமாதம் நிறுங்கோ. அடுத்தடுத்து இரண்டு தரம் நிறை குறையாமல் நிண்டால் உளியை எடுக்கலாம். அதுவும் சோளக மாதங்களில நிறுத்தால்தான். மாரியில ஈரமரமும் நிறை குறையாமல் நிண்டு ஏமாத்தும்.

திருவிழாவுக்கு மூண்டு மாதம் இருக்கேக்க கோயில்காரர் சாமி வாகனம் கேட்டு வருவினம். காய்ஞ்ச மரம் கையில இல்லாட்டி, "இந்த வருசம் ஏலாதய்யா" எண்டு சொல்லிறதுதான் அந்த வேலையின்ர முதல் உளி. சொல்லக் கஷ்டம்தான், முற்பணம் மேசையில இருக்குமே.

நேரம் முடியுதெண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தம்பி கையைக் காட்டுறார். மரத்துக்குச் சாயமேத்தி விக்கிறதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தனான். கருங்காலி மாலையை மட்டும் சொல்லுறன். தின்னரில தோய்ச்ச வெள்ளைத்துணியால மணியைத் தேயுங்கோ, துளைக்குள்ளையும் பாருங்கோ. துணி நல்லாக் கறுத்தால் சாயம் ஏத்தியிருக்கக்கூடும். தண்ணியில தாழுதெண்டு மட்டும் நம்பி வாங்காதேங்கோ, பாலை மரத்தின்ர உள்வைரமும் தாழும். நன்றி, வணக்கம்.