ஊக்கம் தருவது கிங்கின் கனவா, வேலைமுறையா? 'வேலைமுறையே' அணியின் உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்பு நகரிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் 1963 ஓகஸ்ட் 28 ஆம் திகதி வாஷிங்டனில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய 'எனக்கொரு கனவு உண்டு' என்ற உரையை உருக்கமாக எடுத்துச் சொன்னார். கிங்கின் கனவுதான் இன்றைய இளைஞனைத் தட்டி எழுப்பும் என்றார். அந்த உரையின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் அந்த மைதானத்துக்குத் தாமாக வந்து சேரவில்லை. பேயார்ட் ரஸ்டின் என்ற அமைப்பாளரும் அவருடைய ஆட்களும் பஸ், ரயில், தண்ணீர், கழிப்பறை, முதலுதவி, ஒலிபெருக்கி என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, கைநூல் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அந்தக் கனவைக் கேட்கக் கூட்டம் இருந்ததே அந்த வேலையால்தான்.

சரியாகப் பார்க்க வேண்டுமானால் எட்டு வருடம் பின்னால், அலபாமாவின் மொன்ட்கொமரி நகருக்குப் போக வேண்டும். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதாகிறார். அன்றிரவே கல்லூரி விரிவுரையாளர் ஜோ ஆன் ரொபின்சன் ரோனியோ என்ற பிரதி எடுக்கும் இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டுப்பிரசுரம் உருட்டி எடுக்கிறார். அதில் இருந்த வேண்டுகோள் என்ன தெரியுமா? 'திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் பஸ்ஸில் ஏறாதீர்கள்.' அவ்வளவுதான். முடிந்த அளவை மட்டும் கேட்டார்கள், மக்கள் முழுதாகச் செய்தார்கள். அந்த ஒரு நாள் 381 நாளாக நீண்டது. அதற்குத் தலைமை தாங்கிய கிங்குக்கு அது தொடங்கும்போது வயது 26.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். முதல் நாட்களில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சதத்துக்கே ஆட்களை ஏற்றினார்கள். உடனே நகர நிர்வாகம் பழைய விதியைத் தூசு தட்டி எடுத்து, டாக்சிக்குக் குறைந்த கட்டணம் 45 சதம் என்றது. கிங் என்ன செய்தார்? 1953 இல் பேட்டன் ரூஜ் நகரில் இதே மாதிரி பஸ் புறக்கணிப்பை நடத்திய போதகர் ஜெமிசனுக்குத் தொலைபேசி எடுத்து, 'நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்' என்று கேட்டார். அங்கிருந்துதான் சொந்தக் கார்களில் ஆள் ஏற்றும் முறை வந்தது. ஏறத்தாழ 300 கார்கள். வீதிகளை நன்றாக அறிந்த தபால் ஊழியர்களின் உதவியோடு வரைபடம் தயாரித்தார்கள். காலையில் ஏறுவதற்கு 48 இடம், மாலையில் திரும்புவதற்கு 42 இடம்.

அதற்கும் இடைஞ்சல் வந்தது. பொலிசார் சாரதிகளை மறித்து மறித்துத் தண்டம் எழுதினார்கள். கார்களின் காப்புறுதி ரத்தானது. லண்டன் லொயிட்ஸ் வரை போய்க் காப்புறுதி எடுத்தார்கள். காசுக்கு? ஜோர்ஜியா கில்மோர் என்ற சமையற்காரப் பெண் தோழிகளைச் சேர்த்து, கோழிப் பொரியலும் கேக்கும் செய்து விற்று, அந்தப் பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார். எவர் சமைத்தார், எவர் வாங்கினார் என்று பெயர் வெளியிடவில்லை. பெயர் தெரிந்தால் வெள்ளை முதலாளி வேலையை விட்டு நிறுத்துவான். மேடை ஏறாத அந்தப் பெண்களை நினைக்கும்போது எனக்கு வரும் ஊக்கம் எந்த உரையைக் கேட்டும் வந்ததில்லை.

1956 நவம்பர் 13 இல் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் பஸ்ஸில் இனப்பிரிவினை செல்லாது என்றது. அதே நாளில் உள்ளூர் நீதிமன்றம் கார் ஏற்பாட்டைத் தடை செய்தது. தீர்ப்பின் கட்டளை கைக்கு வரும்வரை, ஒரு மாதத்துக்கு மேல், சனம் நடந்தது. அந்த இடைவெளியில் தேவாலயங்களில் நாற்காலிகளை பஸ் மாதிரி வரிசையாகப் போட்டுப் பயிற்சி நடத்தினார்கள். ஒருவர் சாரதி, சிலர் வெள்ளைப் பயணிகள், சிலர் கறுப்புப் பயணிகள். ஏசினால் திருப்பி ஏசாதே, அடித்தால் திருப்பி அடிக்காதே, வேறு இடம் இருக்கும்போது வேண்டுமென்றே வெள்ளையர் பக்கத்தில் போய் அமராதே என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். வெற்றி கிடைத்த பிறகும் ஒத்திகை பார்த்த மனிதர்கள், ஐயா!

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், அது கார் இருந்த ஊரின் கதை, நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டார். 1961 இல் தமிழ் மொழி உரிமைக்காக மட்டக்களப்புக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்த மண் இது. முறைக்குக் கார் தேவையில்லை. படுவான்கரைக் கிராமமொன்றுக்கு மாலை பஸ் அடிக்கடி வராமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஒரு கொப்பி. திகதி, வர வேண்டிய நேரம், வந்த நேரம், பஸ் இலக்கம், காத்திருந்தவர் தொகை. ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள். கிங் 1963 இல் பேர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், போராட்டத்தின் முதற்படி அநீதி உண்டா என்று உண்மைகளைத் திரட்டுவது என்றுதான் சொல்கிறார். பேச்சுவார்த்தை அதற்குப் பிறகு, வீதிக்கு இறங்குவது கடைசியில்.

அடுத்து, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். 'ஏன் பஸ் ஓடவில்லை?' என்று எழுதிக் கேட்கிறார்கள். சட்டம் கொடுப்பது அரச அலுவலகத்தின் கையில் உள்ள தகவலை, விளக்கத்தை அல்ல. ஆகவே 'இந்த வழித்தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட நேர அட்டவணையின் பிரதி, கடந்த மூன்று மாத ஓட்டப் பதிவின் பிரதி' என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் மேன்முறையீட்டில் தடுமாறுவீர்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் முதல் மேன்முறையீட்டைக் கேட்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு', அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள்.

அட்டவணை வந்ததும் கொப்பியை அதன் பக்கத்தில் வைத்து, எந்தெந்த நாள் பிசகியது என்று ஒரே தாளில் எழுதி, மூன்று பேர் போய் அதிகாரியைச் சந்தியுங்கள். முப்பது பேர் வேண்டாம். பத்துக் கோரிக்கையும் வேண்டாம், அந்த மாலை பஸ்ஸை மட்டும் கேளுங்கள். பேச இருவர், சொன்ன பதிலையும் திகதியையும் எழுத ஒருவர். அந்த ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார் என்று நம்பி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.