1,450 ரூபாய்க்கு ஒரு கொறடு: ஃபென்சிங் பிளேயர் எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாது

வணக்கங்க. காத்துச் சத்தம் கேக்கும், பொறுத்துக்குங்க. வேலி ஓரமா நின்னுட்டுதான் இன்னிக்குப் பேசியாகணும்.

கையில இருக்கறதப் பாத்ததுமே பாதிப் பேரு கண்டுபிடிச்சிருப்பீங்க. போன வேலி வீடியோல கடப்பாரையில கம்பியச் சுத்தி முறுக்கி இழுக்கறத அந்தத் திட்டுத் திட்டினேன்ல, அப்பவே சொன்னேன், இதுக்குன்னே ஒரு கொறடு இருக்கு, வந்ததும் காட்டறேன்னு. வந்துடுச்சு. ஃபென்சிங் பிளேயர்.

முதல்ல விலை. 1,450 ரூபாய். இதப் பேசாம என்னால மேல போக முடியாது. ஒரு கட்டிங் பிளேயர் 250, ஒரு சுத்தி 300, ஆணி நெம்பற சின்னக் கம்பி 200. மூணும் சேத்து 750. இந்த மூணையும் ஒரே போல்ட்டுல கோத்துக் குடுத்ததுக்கு இன்னொரு 700 கேக்கறாங்க. சரி, குடுத்தாச்சு. குடுத்த காசுக்கு அலகாவது ஒழுங்கா இருக்கணுமில்ல? கிட்ட வந்து பாருங்க. தெரியுதா? மொழுக்குன்னு, கிழவன் பல்லு மாதிரி. நுனி நாலு மில்லிமீட்டர் தடிமன். ஆணிக்கும் மரத்துக்கும் நடுவுல நுழையறதுக்குன்னு செஞ்ச நுனி, நாலு மில்லிமீட்டர்! அதுக்கு வர்றேன். அதுக்குத்தான் இன்னிக்கு நெறைய நேரம் எடுத்துக்கப் போறேன்.

முன்னாடி இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. நீளம் பத்தரை அங்குலம், சமையல் தராசுல வெச்சா 690 கிராம். வாய மூடினா தலை ஒரு கோடாலி மாதிரி தெரியும். ஒரு பக்கம் சுத்தி முகம், எதிர்ப்பக்கம் வளைஞ்ச அலகு. ரெண்டுக்கும் நடுவுல பல்லு வெச்ச வாய், கம்பியையும் ஆணியையும் கவ்வறதுக்கு. போல்ட்டுக்கு ரெண்டு ஓரமும் பள்ளம் இருக்கு பாருங்க, அதுதான் வெட்டுற இடம். கைப்பிடிகளுக்கு நடுவுல, போல்ட்ட ஒட்டின மாதிரி இன்னும் ஒரு பிடிமானம், கம்பிய நசுக்காம பிடிக்க. குதிரையில வேலி ஓரமாவே போயி அறுந்தத ஒட்டிட்டு வர்ற ஆளுக்குன்னு உருவான சாமான். அமெரிக்காவுல 1874 நவம்பர்ல ஜோசப் கிளிட்டன் முள்ளுக்கம்பிக்குக் காப்புரிமை வாங்கினாரு. கம்பி பரவப் பரவ, சேணப்பையில ஒரே சாமானா இருக்கணும்னு தேவை வந்துச்சு. அதான் இது எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும், எந்த வேலையையும் முழுசா செய்யாது.

நம்ம பக்கம் கல்லுக்கால் போட்டு கட்டுக்கம்பியில முடுக்கி வெச்சிருக்கற வேலிக்கு இது தண்டம். வாங்காதீங்க. கட்டுக்கம்பி முடுக்க ஒரு கொக்கியும் சாதாக் கொறடும் போதும். யு ஆணி, அதான் ரெண்டு கால் வெச்சு யு மாதிரி வளைஞ்ச ஆணி, அடிச்ச வேலி வெச்சிருக்கறவங்களுக்குத்தான் இது. சவுக்குக் கால், தைலமரக் கால், பனங்கால், இல்ல கிளுவை, பூவரசுன்னு உயிர்வேலி. யாழ்ப்பாணத்துல இருந்து பாக்கறவங்க கதியால்ல, அதான் வேலிக்கு நட்ட உயிர்க்கம்புல, கம்பி அடிச்சிருப்பீங்க, உங்களுக்கு நூத்துக்கு நூறு ஆகும்.

இப்ப அலகு. வாங்கினதும் முதல் வேலை அரத்த எடுங்க. கிரைண்டர் வேண்டாம், தயவுசெஞ்சு வேண்டாம். பதம் ஏத்தின இரும்புங்க இது. சாணைச் சூட்டுல நுனி வைக்கோல் நெறத்துக்கு வந்து, அப்புறம் நீலமாச்சுன்னா பதம் எறங்கிப் போச்சு, அடுத்த ஆணியிலயே நுனி மடங்கும். தட்டை அரத்துல, மேல் பக்கத்துல மட்டும் தேய்ங்க. உள் வளைவத் தொடாதீங்க, அதுதான் ஆணிய ஏந்திட்டு வர்ற பக்கம். நாலு மில்லிமீட்டர ரெண்டுக்குக் கொண்டு வாங்க. ஒண்ணுக்குப் போனா ஒடியும். எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. அரம் வழுக்குதுன்னா இரும்பு நல்லா பதமா இருக்குன்னு அர்த்தம், சந்தோசப்படுங்க. வெண்ணெய் மாதிரி தேஞ்சா, அந்தக் கொறட்டத் திருப்பி அனுப்பிடுங்க.

தேச்ச அலகு இது. பாருங்க, நகம் மாதிரி இருக்கு. இதுக்கு மட்டுமே தனி வீடியோ போடலாம். போடமாட்டேன், பயப்படாதீங்க.

ஆணி பிடுங்கறது. பின்னாடி தெரியுது பாருங்க, எட்டு சவுக்குக் கால். காலுக்கு நாலு ஓட்டம், அதாவது நாலு வரிசை கம்பி. கம்பி அப்படியே இருக்கணும், அடி இத்துப்போன காலை மட்டும் மாத்தணும். அதனால கம்பிய வெட்டாம ஆணியை மட்டும் எடுக்கறோம்.

யு ஆணியோட முதுகுக்கும் கம்பிக்கும் நடுவுல எங்க சந்து தெரியுதோ அங்க அலகை வைங்க. கம்பி மேல இல்ல. கம்பியோட சேத்து நெம்பினா கம்பிதான் மடங்கும், துத்தநாகப் பூச்சு உரியும், ஒரு மழைக்காலம் போனா அந்த இடத்துலதான் துரு. அலகை வெச்சு வாய மூடிப் பிடிச்சுக்கிட்டு, எதிர்ப்பக்கம் இருக்கற சுத்தி முகத்துல ரெண்டு தட்டு. எதால? கொட்டாப்புளியால, மரச்சுத்தியால. இரும்புச் சுத்தியால அடிக்காதீங்க. பதமான இரும்பு பதமான இரும்போட மோதினா சில்லு தெறிக்கும், கண்ணு போயிரும். கண்ணாடி போட்டுக்கச் சொல்ல மறந்துட்டேன் பாருங்க, நானே இப்பத்தான் போடறேன். ஆணி கெளம்பற நேரத்துல எந்தப் பக்கம் பறக்கும்னு அதுக்கே தெரியாது.

அலகு உள்ள போயிடுச்சுன்னா கைப்பிடிய நெம்புங்க. கொறட்டோட தலை வேலிக்கால் மேல உருளணும். மரம் மெத்துன்னு இருந்தா தலை உள்ள பதியும், அடியில ஒரு மரச்சில்லு வைங்க. ஆணி கால் அங்குலம் எந்திரிச்சா போதும், அலகோட வேலை முடிஞ்சது. கடைசி வரைக்கும் அலகுலயே இழுக்காதீங்க. இப்ப வாயால ஆணிய இறுக்கிக் கவ்வி உருட்டுங்க. ஆணியோட ரெண்டு காலும் நிக்கற கோட்டோட திசையில உருட்டணும், அப்ப ஒரு கால் முதல்ல, இன்னொண்ணு பின்னால வரும். குறுக்க உருட்டினா ரெண்டும் சேந்து மடங்கி, துருப்பிடிச்சது பட்டுன்னு ஒடியும். ஒடிஞ்சா நோண்டிக்கிட்டு நிக்காதீங்க, மொட்டை நுனிய உள்ள அடிச்சுவிட்டுப் போயிட்டே இருங்க.

ஒரு ஆணி... இதோ. இருபது செகண்டு! கடப்பாரை நுனியில இதே வேலை ரெண்டு நிமிஷம், கம்பிக்கும் ரெண்டு கோணல். இந்த ஒரு விசயத்துக்காக அந்த 700 ரூபாய மன்னிச்சுட்டேன்.

பிடுங்குன ஆணி கீழ விழக்கூடாது. மாடு மேயற எடங்க. மாடு மென்னு பாத்து முழுங்கறதில்ல, புல்லோட ஆணியும் உள்ள போகும். போனது ரெண்டாவது அறையில, ரெட்டிகுலத்துல தங்கும். அதுக்கும் இருதயத்துக்கும் நடுவுல உதரவிதானம் மட்டும்தான். குத்திச்சுன்னா மாடு தீனி எடுக்காம முதுகக் கூனி நிக்கும், அப்புறம் டாக்டர் கையிலதான் இருக்கு. அதனால இடுப்புல ஒரு டப்பா. எத்தனை பிடுங்கினோம், எத்தனை டப்பாவுல இருக்குன்னு எண்ணணும்.

அடுத்தது கம்பி இழுக்கறது. இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. பெட்டி மேலயே வேலிக்கம்பி இழுக்கறதுன்னு போட்டிருக்கான். இழுக்கும், ஆனா எவ்வளவு? கணக்கப் பாருங்க. கைப்பிடி நுனியில இருந்து நெம்புற முனைக்கு இருபது செண்டிமீட்டருக்கு மேல, வாய்க்கும் அந்த முனைக்கும் நாலு செண்டிமீட்டர். அஞ்சு மடங்கு. நீங்க 25 கிலோ அழுத்தினா கம்பியில 125 கிலோ இழுவை வரும். நல்ல பலம்தான். ஆனா ஒரு நெம்புக்கு மூணு, நாலு செண்டிமீட்டர்தான் நகரும். அதப் பிடிச்சு வெக்க இதுல ஒரு ஏற்பாடும் கெடையாது. விட்டா பழைய இடத்துக்கே போயிடும். நூறு மீட்டர் ஓட்டத்துல தொங்கல் எடுக்க ஒண்ணரை அடி இழுக்கணும்னா, இதுல உக்காந்து அழ வேண்டியதுதான். அதுக்கு இழுத்தது நழுவாம பிடிச்சுக்கற ராட்செட் புல்லர் வேணும், இல்ல சங்கிலி வெச்ச ஸ்ட்ரெயினர்ங்கற இழுவைக் கருவி. நியூசிலாந்துல எர்னஸ்ட் ஹேய்ஸ்ங்கறவரு 1924ல ஒரு ஸ்ட்ரெயினர் செஞ்சாரு, கம்பிய ஒரே நேர்ல கவ்வி இழுத்து, இழுத்தத விடாம நிறுத்தும். இழுக்கற சாமான்னா அப்படி இருக்கணும்.

இதுக்கு ஏத்த வேலை ரெண்டு காலுக்கு நடுவுல தொங்கறத எடுக்கறது, அறுந்தத ஒட்டறது. கம்பிய காலைத் தாண்டினதும் கவ்வுங்க. ஒரு முள்ளுக்குப் பின்னாடி கவ்வினா வழுக்காது. தலைய காலுல முட்டுக் குடுத்து நெம்புங்க, இன்னொரு ஆள் ஆணி அடிக்கட்டும். கம்பிக்கு நேரா நிக்காதீங்க, காலுக்கு மறுபக்கம் நில்லுங்க. அறுந்தா முள்ளு சாட்டை மாதிரி திரும்பும். தோல் கையுறை போடுங்க, பின்னல் கையுறை முள்ளுல மாட்டிக் கையையும் சேத்து இழுத்துட்டுப் போகும்.

அறுந்த எடத்துக்கு மூணடி ஒட்டுக்கம்பி எடுத்துக்கங்க. ஒரு முனைய கண்ணியோட கண்ணி கோத்து அஞ்சு சுத்து. மறுமுனைக்கு, அறுந்த நுனியில கட்டைவெரல் போற அளவு கண்ணி மடக்கி, ஒட்டுக்கம்பிய அதுக்குள்ள விட்டுத் திருப்புங்க. கண்ணிக்குப் பக்கத்துலயே வாயால கவ்வி, தலைய அந்தக் கண்ணி மேலயே வெச்சு உருட்டுங்க. காலே வேண்டாம், கண்ணியே முட்டு. இறுகினதும் மடக்கிப் பிடிச்சு அஞ்சு சுத்து. அஞ்சுக்குக் கொறஞ்சா அவிழும், எட்டு சுத்தினா அழகா இருக்கும், அவ்வளவுதான்.

வெட்டறதப் பத்தி விட்டுட்டேன். கடையில கம்பித் தடிமன கேஜ் எண்ணுல, 12க்கு 12, 12க்கு 14, 14க்கு 14ன்னு கேப்பாங்க. முதல் எண் ஓட்டக்கம்பி, ரெண்டாவது முள்ளு. 12 கேஜ் 2.64 மில்லிமீட்டர், 14 கேஜ் 2.03. பாக்க அரை மில்லிமீட்டர் வித்தியாசம், வெட்டற இரும்பு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கொறைய அதிகம். 12 கேஜ்னா ரெண்டு இழையும் சேத்து வெட்டாதீங்க, முறுக்கைப் பிரிச்சு ஒவ்வொண்ணா. சோலார் வேலியோட ஹை டென்சைல் கம்பிய, அந்தக் கெட்டிக்கம்பிய, இதுல வைக்கவே வைக்காதீங்க, வெட்டற பள்ளத்துல பிறை மாதிரி பல்லு விழும். விழுந்தா அந்தக் கொறடு அப்புறம் சாதாக்கம்பியக்கூட மென்னு துப்பும்.

எவ்வளவு இறுக்கமா இழுக்கறதுன்னு கேப்பீங்க. வீணை நரம்பு மாதிரி டிங்குன்னு நிக்கணும்னு ஒரு பைத்தியம் நம்மாளுங்களுக்கு. நூறு மீட்டர் கம்பி 20 டிகிரி குளிர்ந்தா 24 மில்லிமீட்டர் சுருங்கப் பாக்கும். ரெண்டு முனையும் கட்டியிருக்கு, சுருங்க வழியில்ல, அதனால இழுவை ஏறும். ரெண்டரை மில்லிமீட்டர் இழை ரெண்டுக்குக் கணக்குப் போட்டா சுமார் 45 கிலோ கூடுதல், ஒரு ஓட்டத்துக்கு. நாலு ஓட்டம்னா மூலைக்கால் மேல 180 கிலோ. மத்தியான வெயில்ல டிங்குன்னு இழுத்துட்டு, மார்கழியில மூலைக்கால் சாஞ்சு போச்சுன்னு வருத்தப்பட்டு என்ன பண்றது? மத்தியானம் இழுத்தா கொஞ்சம் தளர்த்தி விடுங்க. மூலைக்கு ரெண்டு பக்கமும் முட்டுக்கால் இல்லாம இழுக்கவே தொடங்காதீங்க.

ஆணி அடிக்கும்போதும் இதேதான். யு ஆணிய முழுசா அடிச்சு கம்பிய மரத்துல பதிக்காதீங்க. கம்பி உள்ள நகர்ற அளவு சந்து விடுங்க, நகர்ந்தாத்தான் இழுவை எல்லாக் காலுக்கும் பகிரும். ஆணியோட ரெண்டு காலும் மரத்தோட ஒரே நாருல எறங்காம கொஞ்சம் திருப்பி அடிங்க, மரம் பிளக்காது. முதல் ரெண்டு தட்டுக்கு ஆணிய இந்த வாயிலயே பிடிச்சுக்கலாம், வெரல் தப்பிக்கும். அடிக்கறதுக்கு மட்டும் தனிச் சுத்தி. இதோட முகம் சின்னது, கைப்பிடி திறந்து திறந்து ஆடும், நாலு ஆணிக்கு மேல எரிச்சல்தான் வரும்.

உயிர்மரத்துல நேரா அடிச்சா மரம் பருத்து கம்பிய முழுங்கிடும், அப்புறம் எந்தக் கொறட்டாலயும் எடுக்க முடியாது. நடுவுல ஒரு மரச்சட்டம் வெச்சு அதுல கம்பிய அடிங்க.

போல்ட்டுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, இதையும் மறந்தேன், வந்த புதுசுல வாய் திறக்கவே மாட்டேங்குது.

சரி, எட்டு காலும் முடிஞ்சது. எட்டு நாலு முப்பத்திரெண்டு. ஒடிஞ்சது ஒண்ணுமில்ல. டப்பாவக் கொட்டி எண்ணறேன்... இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது, முப்பத்தொண்ணு.

முப்பத்தொண்ணா? இருங்க. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ணு கயித்துல கட்டி வெச்சிருக்கேன், அத எடுத்துட்டு வர்றேன். கேமராவ நிறுத்திக்கறேன், மாட்ட இன்னும் அவிழ்த்து விடாதீங்கன்னு வேற சொல்லணும்.