நான்கு பேர் வேலை செய்யும் டிபன் கடைக்குப் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அவருடைய டிபன் கடையில் மாஸ்டர் உட்பட நான்கு பேர் வேலை செய்கிறார்கள். நான்கு பேருக்கும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் எடுக்காவிட்டால் கடையை மூடிவிடுவார்கள் என்று சொல்லி, ஒரு ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறாராம்.

நான்கு பேருக்கும் தேவையில்லை. முதலில், கடையில் மாட்டியிருக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம்) தாள் பதிவுச் சான்றிதழா, உரிமமா என்று பாருங்கள். 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு வணிகர்களுக்குப் பதிவு, அதற்கு மேல் உரிமம் என்று பிரித்தன. இந்த வரம்பு திருத்தத்துக்கு உட்பட்டது என்பதால், உங்கள் கையில் உள்ள தாளையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். 2017இல் ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சித் திட்டத்தைக் கொண்டுவந்த இந்த ஆணையம், மத்திய அல்லது மாநில உரிமம் பெற்றவர்கள், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரை ஒவ்வொரு கடையிலும் வைத்திருக்க வேண்டும் என்றது. 25 பேருக்குக் குறைவாக இருந்தாலும் ஒருவர் வேண்டும். ஆகவே உங்கள் கையில் இருப்பது உரிமம் என்றால், கடைக்கு ஒருவர் போதும். பேருந்து நிலையத்தில் ஒரு கிளை வைத்திருந்தால் அங்கே தனியாக இன்னொருவர் வேண்டும்.

வெறும் பதிவு மட்டும் உள்ளவரை இந்த மேற்பார்வையாளர் நிபந்தனை கட்டுப்படுத்தாது. ஆனால் ஒழுங்குமுறைகளின் 4ஆம் அட்டவணையின் முதல் பகுதி அவருக்கும் பொருந்தும்: தொற்றுநோய் உள்ளவரை வேலைக்கு விடக்கூடாது, வெட்டுக்காயம் மூடியிருக்க வேண்டும், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், குடிக்கத் தகுந்த தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். இவற்றைக் கவனிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது.

யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கல்லாவுக்கு எப்போதாவது வரும் மகன் பெயரில் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டுவதால் பயனில்லை. காலையில் மாவு எடுப்பதிலிருந்து இரவு பாத்திரம் கவிழ்ப்பது வரை கடையிலேயே நிற்பவரை அனுப்புங்கள். மதியம் வடித்த சோறு அண்டாவிலேயே வெதுவெதுப்பாக இருந்து, இரவு முட்டை சோறாகக் கல்லில் புரளும் கடைகளை நாம் பார்க்கிறோம். கொதித்த பிறகும் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்து உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிரூட்டியது 5 டிகிரிக்குள் என்று பயிற்சியில் வலியுறுத்துகிறார்கள். வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டவர் சட்னி அரைத்தால், காயத்திலிருந்து சேரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் நச்சும் அப்படித்தான். அந்த விரலைப் பார்த்து, "தம்பி, நீ இன்னிக்கு டேபிள் துடை, சட்னிப் பக்கம் போகாதே" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். மேற்பார்வை என்று சட்டம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

உரிமம் உள்ளவர்கள், உணவைக் கையாளுபவர் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து பதிவை வைத்திருக்க வேண்டும். பயிற்சி ஒருவருக்குப் போதும் என்பதால் இதுவும் ஒருவருக்குப் போதும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையை மூடிவிடுவார்கள் என்ற மிரட்டலுக்கு வருகிறேன். ஒழுங்குமுறைகளைக் கடைப்பிடிக்காத குறை இருந்தால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் நியமன அலுவலர் மேம்பாட்டு அறிவிப்பு கொடுப்பார். அதில் குறையைச் சொல்லி, திருத்திக்கொள்ள 14 நாளுக்குக் குறையாத அவகாசமும் தரவேண்டும். உடனடித் தடை என்பது மக்கள் உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கும் நிலைக்கானது. பயிற்சி தமிழிலேயே கிடைக்கிறது. டிபன் கடைக்குக் கேட்டரிங் பிரிவின் அடிப்படைப் பயிற்சியைக் கேளுங்கள். ஏஜென்டுக்குப் பணம் கொடுக்கும் முன் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அந்த எஃப்எஸ்எஸ்ஏஐ தாளோடு ஒருமுறை போய் விசாரித்துவிடுங்கள்.