ஆறு தீ, ஒரு லாரி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி லண்டன் தீயில் எரிந்த 1940-41-இல் ஊரைக் காத்தது ஆண்களின் துணிவா, பெண்களின் துணிவா? பெண்களின் துணிவே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? “துணைத் தீயணைப்புப் படையில் பெண்களைச் சேர்த்தார்கள், பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் போன் எடுத்தார்கள், டீ ஆற்றினார்கள், அவ்வளவுதான்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்காமல் நான் உட்காரமாட்டேன்.

1940 செப்டம்பர் 20. தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மாண்ட்சி. ஆறு இடங்களில் பெருந்தீ. மேலேயிருந்து குண்டு மழை. அதற்குள் ஒரு லாரி வருகிறது, ஓட்டுவது கில்லியன் டேனர் என்ற இளம்பெண். லாரியில் என்ன இருந்தது? தண்ணீரா? இல்லை ஐயா, பெட்ரோல்! கேன் கேனாக 150 கேலன், நம் கணக்கில் ஏறக்குறைய 680 லிட்டர்!

எரிகிற ஊருக்குள் பெட்ரோல் எதற்கு? தண்ணீர் இறைக்கும் பம்பு பெட்ரோலில்தான் ஓடும். அது தீர்ந்தால் பம்பு நிற்கும், பம்பு நின்றால் வீரர் கையில் இருப்பது வெறும் குழாய். அந்தம்மா முதல் தீக்குப் போனார், பெட்ரோலைக் கொடுத்தார். அடுத்த தீக்குப் போனார், கொடுத்தார். அதற்கடுத்த தீ. ஒரு பொறி கேனில் விழுந்தால் போதும்! இப்படி ஐந்து நிமிடமில்லை, பத்து நிமிடமில்லை, மூன்று மணி நேரம்! தம்பி, எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் நாம் எத்தனை அடி தள்ளி நிற்போம்? அவருக்குத் துணிவுக்கான ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். டீ ஆற்றியதற்கா கொடுத்தார்கள்?

சரி, போன் எடுத்தவர்களுக்கு வருவோம். எந்தத் தெருவில் தீ, எந்த வண்டி எங்கே போயிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கையில். குண்டு விழுகிறதே என்று போனை வைத்துவிட்டு ஓட முடியுமா? சம்பளமோ ஆணுக்கு வாரம் மூன்று பவுண்டு, பெண்ணுக்கு இரண்டு.

1941 ஏப்ரல் 19 இரவு. கிழக்கு லண்டனின் பாப்ளரில் தீயணைப்பு நிலையமாக மாற்றியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்தது. 34 பேர் உயிர் போனது. அவர்களில் இரண்டு பேர் பெண்கள்.

நம் வீட்டுப் பெண் வேலைக்குக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொன்னதுண்டா? ‘போயிட்டு வர்றேன்’ என்றுதானே சொல்வாள்? அந்த இரண்டு பேரும் அன்றைக்கு வாசலில் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தார்களோ! விடிகிறவரை அந்தக் கதவைத் தாழ் போடாமல் யார் காத்திருந்தார்களோ!