வெள்ளை பூத்த மண்ணு: உவரா, களரா?

வணக்கம் மக்களே. பங்குனி பொறந்தாலே மணலி புதுநகர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் வீட்டுப் பின்னாடி மண்ணு மேல வெள்ளையா பூத்துடும். கத்தரி இலை ஓரம் கருகும், வெண்டை முளைக்கவே மாட்டேங்கும். உடனே ஒரு மூட்டை ஜிப்சம், அதாவது மண்ணுல இருக்கிற சோடியத்தைக் கழட்டி விடுற கால்சியம் தூள், வாங்கிக் கொட்டிடறாங்க. நிறைய பேருக்கு அது தண்ட செலவு. ஏன்னா வெள்ளை பூத்தது உவரா களரான்னு யாரும் பார்க்கிறதில்ல.

உவர்னா மண்ணுல கரையிற உப்பு ஏறிப்போன நிலம். களர்னா களிமண்ணை சோடியம் புடிச்சு வச்சிருக்கிற நிலம். நம்ம பழைய நெல்லுங்க பேரைப் பாருங்க, உவர்முண்டான்னு ஒண்ணு, களர்பாலைன்னு ஒண்ணு. லேப் வர்றதுக்கு முன்னாடியே விவசாயிங்க ரெண்டையும் பிரிச்சுதான் வச்சிருக்காங்க.

கண்ணால பார்த்தே ஓரளவுக்குச் சொல்லிடலாம். உவர்ல மழை பெஞ்சா தண்ணி இறங்கிடும், காஞ்சதும் மறுபடி வெள்ளை பூக்கும். எண்ணூர் கழி ஓரத்துல இருக்கிற உமரிச் செடி உங்க மனையிலயும் தானா முளைச்சிருந்தா, அங்க உப்பு இருக்குன்னு அர்த்தம். களர் வேற மாதிரி. தண்ணி நாள் கணக்கா நிக்கும், டீ மாதிரி கலங்கியே இருக்கும், காஞ்சா மம்பட்டி இறங்காது. பேரை மட்டும் நம்பாதீங்க. துணி வெளுக்க எடுத்த காரமண்ணையும் உவர்மண்ணுன்னுதான் சொன்னாங்க. லாரியில மனைக்கு அடிக்கிற சவுடும் எந்த ஏரியில வெட்டினதோ, அந்த ஏரியோட குணம்தான் அதுக்கு இருக்கும்.

சரி, கேமராவைக் கிட்ட கொண்டு வரேன். ரெண்டு கண்ணாடி டம்ளர். ரெண்டுலயும் மழைத் தண்ணி. கேன் தண்ணியும் ஓகே. போர் தண்ணி மட்டும் வேணாம், அதுல இருக்கிற உப்பே களியைக் கலங்க விடாம புடிச்சுக்கும், களரும் நல்ல மண்ணு மாதிரி தெரியும். ரெண்டு வேற வேற மனையில எடுத்து நிழல்ல உலர்த்தின மண்கட்டி, டம்ளருக்கு ஒண்ணு, சுண்டைக்காய் அளவு. மெதுவா உள்ள விடுங்க. கலக்கக் கூடாது, டம்ளரை நகர்த்தவும் கூடாது. ரெண்டு மணி நேரம் கழிச்சு காட்டுறேன்.

இப்ப பாருங்க. இடது பக்கம் கட்டி உதிர்ந்து குவியலா உக்காந்திருக்கு, ஆனா தண்ணி தெளிவு. உதிர்றது தப்பில்ல. வலது பக்கம் கட்டியைச் சுத்தி பால் ஊத்தின மாதிரி ஒரு வளையம், மெல்ல மேல ஏறுது. களி தனித்தனியா பிரிஞ்சு தண்ணியில மிதக்குது. இது களர்.

இடது பக்கத்துக்கு இப்பவே நல்ல பேர் குடுத்துடாதீங்க. அதுல உப்பும் சோடியமும் சேர்ந்தே இருந்தா, உப்பு சோடியத்தை மறைச்சுடும். அடியில ஓட்டை போட்ட டப்பாவுல அந்த மண்ணைப் போட்டு, மழைத் தண்ணியை நாலு தடவை ஊத்தி வடிய விட்டு, காய வச்சு, மறுபடி டம்ளர்ல போடுங்க. இப்ப கலங்குச்சுன்னா அது உவரும் களரும் கலந்தது. கடல் தண்ணி கலந்த இடத்துல இது சகஜம். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுங்கள்ல இருந்து சென்னைக்குத் தண்ணி உறிஞ்சி உறிஞ்சி, மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில கடல் தண்ணி உள்ள வந்தது 1960கள் கடைசியிலேயே தெரிஞ்ச விஷயம். இந்த மண்ணை வெறும் மழையில கழுவினா உப்பு போயிடும், சோடியம் தங்கிடும், நிலம் சிமென்ட் தரை மாதிரி இறுகிடும். இதுக்கு முதல்ல ஜிப்சம், அப்புறம்தான் கழுவல்.

கழுவின பிறகும் கலங்காம வெறும் உவர்னா ஜிப்சமே வேணாம். தண்ணி போக வழி இருந்தாப் போதும். மட்டம் பண்ணி, அரை அடி வரப்பு கட்டி, ஐப்பசி கார்த்திகை மழையை நிறுத்தி மண்ணுக்குள்ள இறங்க விடுங்க. மனையைச் சுத்தி சுவரை எழுப்பி வச்சிருந்தா இறங்கின உப்புக்குப் போக இடமில்ல, சித்திரையில அதே உப்பு மேல ஏறி வரும். ஒரு ஓரமா ரெண்டடி ஆழத்துக்கு வடிகால் வெட்டி வெளிய விடணும்.

மழைக்கு முன்னாடி பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு போடுங்க. உப்பையும் தாங்கும், நிக்கிற தண்ணியையும் தாங்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை, அதாவது சென்ட்டுக்கு 200 கிராம், ஒரு கிரவுண்டுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஆவணியில விதைச்சா 45 நாள்ல, பூக்கிறதுக்கு முன்னாடி, அப்படியே மண்ணுல மடக்கி விடணும். அழகா பூக்குதேன்னு விட்டீங்கன்னா தண்டு நார் பாஞ்சு சீக்கிரம் மக்காது.

களருக்கு ஜிப்சம் எவ்வளவுன்னு யூடியூப்ல கேக்காதீங்க, என்கிட்டயும்தான். மண் பரிசோதனையில 'ஜிப்சம் தேவை'ன்னு தனியா கேட்டு வாங்குங்க. ஏக்கர் கணக்குல வரும், நூறால வகுத்தா சென்ட் கணக்கு. தூவி மேல் நாலு விரல் மண்ணோட கலந்து, நல்ல தண்ணி நாலு விரல் உயரம் நிறுத்தி, ரெண்டு நாள் கழிச்சு வடிச்சுடணும். வடிக்காம விட்டா, கழன்ற சோடியம் அங்கேயே நிக்கும்.

போர் தண்ணியையும் ஒரு டிடிஎஸ் மீட்டர்ல, அதாவது தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிற கருவியில, பாருங்க. 450 பிபிஎம்முக்குள்ள இருந்தா கவலையில்ல, 2000 தாண்டினா அந்தத் தண்ணியே வருஷா வருஷம் உப்பை இறக்கும். மாடித் தொட்டி வச்சிருக்கிறவங்க அடித்தட்டை எடுத்துடுங்க, வடிஞ்சது திரும்ப ஏறக் கூடாது.

மண் மாதிரி எடுக்கும்போது எரு குவிச்ச இடம், மரத்தடி, வரப்பு எல்லாத்தையும் விட்டுடுங்க. பத்துப் பதினஞ்சு இடத்துல 'வி' மாதிரி ஆறு அங்குலக் குழி வெட்டி, பக்கவாட்டுல மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே கனத்துல சீவி எடுத்து, கலந்து, அரை கிலோ. மேல பூத்த வெள்ளையைச் சுரண்டித் தூக்கிப் போட்டுடாதீங்க, அதைத் தனிக் கவர்ல போட்டு, கவர் மேல 'மேல் உப்பு'ன்னு எழுதிக் குடுங்க.