அப்பத்தாவோட வளர்த்த காது

வணக்கம் நேயர்களே. காது குத்துறதப் பத்திப் பேசணும்னு கூப்பிட்டப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது எங்க அப்பத்தா காதுதான். சிவகங்கைப் பக்கம் கிராமம், ரெண்டு காதுலயும் தண்டட்டின்னு கனமான தங்கக் காது நகை, தோள்ல வந்து இடிக்கும், களை எடுக்கக் குனியறப்ப இடைஞ்சலா இருக்குன்னு தொங்குற காத அப்படியே தூக்கி மேல் மடல்ல மாட்டிக்கிட்டு வேலை பாக்கும்.

காது வளக்கறதுன்னா லேசு இல்லைங்க. கைக்குழந்தையிலயே கத்தியால கீறி, பஞ்சுத் திரி வச்சு, புண்ணு ஆறுனதும் பனை ஓலையச் சுருட்டிச் சொருகுவாங்க, ஓலை விரிய விரிய ஓட்டை பெருசாகும், அப்புறம் குணுக்குன்னு கனமான ஈய வளையம் மாட்டுனா அந்தக் கனத்துலயே காது இறங்கும். காதோலைங்கிற பேரே அந்த ஓலையில வந்ததுதான். நகை இல்லாத காதுன்னா மூளிக்காதுன்னு ஏசுவாங்க.

ஆம்பளைங்களுக்கும் உண்டு. சோழர் கால நடராசர் சிலைய அடுத்த தடவை பாக்கறப்ப காதக் கவனிங்க, ஒரு காதுல ஆம்பளைங்க போடுற குழை, இன்னொண்ணுல பொம்பளைங்க போடுற தோடு. எங்க தாத்தா தலைமுறை வரைக்கும் ஊருக்குள்ள கடுக்கன் சாதாரணம், குடுமி போயி கிராப்பு வந்ததும் கடுக்கனும் கூடவே போச்சு, அப்புறம் காலேஜ் பையன் கம்மல் போட்டா என்னடா பொம்பள மாதிரின்னு பெரியவங்க திட்டுறாங்க, திட்டுறவங்க காதுலயே தாய்மாமன் மடியில உக்காந்து குத்திக்கிட்ட ஓட்டை தூர்ந்து கிடக்கு.

ஆனா பொம்பளைங்க கதைதான் எனக்கு வலிக்குது. 19ஆம் நூற்றாண்டுல திருநெல்வேலிச் சீமைக்கு வந்த மிஷனரிங்க காது வளக்கறத விடச் சொன்னாங்க. பச்சைப் புள்ளைக்கு அது பெரிய வேதனைதான், நின்னது நல்லதுதான். ஆனா ஏற்கெனவே வளத்து நிக்கிற காத எதுக்கு அசிங்கம்னு ஆக்கணும்?

டவுன்ல எங்ககூட இருக்க வந்த அப்பத்தாவப் பாத்து தெருப் பசங்க சிரிச்சாங்க. ஒரே வருசம், "அறுத்துத் தச்சு விடச் சொல்லுய்யா"ன்னு அதுவே எங்கப்பாகிட்ட கேட்டுச்சு. தச்சாச்சு. தண்டட்டிய ஆசாரி நெருப்புல காட்டுனப்ப உள்ள இருந்த அரக்கு உருகி ஒழுகுச்சு, தேறுன தங்கத்துல எனக்கு ஒரு ஜோடி கம்மல். அதுக்கப்புறமும் பாத்திரம் கழுவக் குனியறப்பல்லாம் அப்பத்தா கை தானா காதுக்குப் போகும், தூக்கி மாட்டறதுக்கு.

உங்க வீட்டுல வளத்த காதோட ஆச்சி யாராவது இருந்தா பாம்படம், முடிச்சு, நாகவடம்னு அவங்க போட்டதுக்கெல்லாம் பேரு கேட்டு எழுதி வச்சுக்குங்க, அப்படியே அவங்கள ஒரு போட்டோவும் எடுத்துருங்க, காது நல்லாத் தெரியற மாதிரி. வணக்கம்.